தப்பாகக் காட்டும் மிஷின்

மிஷின் தரையில் குப்புறக் கிடந்தது. அதிலிருந்து புறப்பட்ட ரப்பர் குழாயின் மறுமுனை பில் குமாஸ்தாவின் முழங்கைக்கு மேலே பட்டையாகச் சுற்றியிருந்தது. கையிலிருந்த செல்போனில் மனைவியின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினை அன்று மத்தியானம்தான் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலை முதல் அதில் கையைக் கொடுத்துவிட்டுத்தான் யாரும் சீட்டுக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. நாலு பேர் முன்னால் கையை நீட்டுவதற்கு முன்பு தனியாக ஓர் ஒத்திகை பார்த்துவிடலாமே என்று, எல்லோரும் கிளம்புகிறவரை பில் போடுகிற பாவனையில் உட்கார்ந்திருந்தார் குமாஸ்தா. அப்புறம் பூனை மாதிரி உள்ளே வந்து பட்டையைச் சுற்றிக்கொண்டார். பொத்தானை அழுத்தப் போகிற நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வந்தது, எடுத்தார். மனைவி கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுவது கல்யாணமானதிலிருந்து அவருக்குப் பழக்கம். எழுந்தார். மிஷினும் கூடவே எழுந்தது. பாவம், அதற்குக் கால் இல்லை.

"என்னங்க, என்னமோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சே?"

"ஒண்ணுமில்ல. ஃபைல்."

"ஃபைலா? பாத்திரம் உருண்ட மாதிரி இருந்துச்சு."

"கனமான ஃபைல்," என்று சொல்லி போனை வைத்தார்.

மிஷினை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். குழந்தையின் கிலுகிலுப்பைபோல உள்ளே ஏதோ உருண்டது. கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கொலைகாரர்கள் துடைப்பார்கள் என்று எங்கேயோ பார்த்த ஞாபகம். இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். பொத்தானை அழுத்தி உயிர் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அது சாதாரண மிஷினாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். அது முதலாளி வாங்கியது. அதன் பின்னால் ஒரு கதை இருந்தது.

கம்பெனி தண்ணீர் பம்புகளும் வால்வுகளும் விற்கிற கம்பெனி. போன வருஷம் குடோன் சூப்பர்வைசர் தலைவலி, தலைவலி என்று தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் பம்புகளுக்கு நடுவே ஒரு பம்பு போலச் சாய்ந்துவிட்டார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி தலையில். எந்தப் பம்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், சீசனில் வந்த ஆர்டரில் பாதி எதிர்க்கடைக்குப் போனது. எல்லாம் முடிந்தபிறகு டாக்டர் முதலாளியிடம், "முன்னாலேயே கையில ஒரு பட்டையைச் சுத்திப் பாத்திருந்தா இவ்வளவும் தப்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது.

"ஒவ்வொரு பம்புக்கும் பிரஷர் பாத்துத்தானே வெளிய அனுப்புறோம். மனுஷனை மட்டும் பாக்காம உள்ள விடுறோமே," என்று மீட்டிங்கில் அவர் சொன்னபோது மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படி வந்த மிஷின் அது. அதைத்தான் நம்மவர் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் வேண்டுமென்றே தாமதமாக வந்தார். இந்நேரம் ரகளை நடந்திருக்கும், யார் யார் என்று விசாரித்து முடித்திருப்பார்கள் என்று எண்ணி உள்ளே நுழைந்தால், மிஷின் பச்சை விளக்கோடு கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. முன்னால் வரிசை. குமாஸ்தாவுக்கு நம்ப முடியவில்லை. பிழைத்துவிட்டது என்று மனசுக்குள் கும்பிட்டார்.

முதல் கை மேனேஜருடையது. மெலிந்த மனிதர். விடிவதற்கு முன் எழுந்து நடப்பவர். நடப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில் அதிக நேரம் செலவிடுபவர். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையை நீட்டினார். பட்டை உப்பியது, பெருமூச்சு விட்டது. எண் சிவப்பில் வந்தது.

மேனேஜர் சிரித்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. சிரிப்பு நின்றது.

அடுத்து டெலிபோன் அக்கா. சிவப்பு. பேக்கிங் ஆட்கள் ஆளுக்கொரு விதம். மஞ்சளும் சிவப்புமாக, ஒருவர்கூடப் பச்சை இல்லை. வேன் டிரைவர் கையைக் கொடுத்தபோது மிஷின் எண்ணைக் காட்டியதோடு நிற்காமல் கீ கீ என்று கத்தவும் செய்தது.

அப்போதுதான் குமாஸ்தாவுக்கு விஷயம் புரிந்தது. மிஷின் பிழைக்கவில்லை. உயிர் இருக்கிறது, புத்தி கலங்கிவிட்டது. தலையில் அடிபட்டவன் கண்டபடி உளறுவது மாதிரி எண்களை உளறுகிறது.

அவருடைய முறை வந்தது. டிரைவருக்கு அடுத்தபடியான எண் அவருக்கு வந்தது. அந்த அறையில் அன்று சிரித்த ஒரே மனிதர் அவர்தான். "பில் சாரோட நெஞ்சுறுதி யாருக்கும் வராது" என்றார் மேனேஜர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? குமாஸ்தா கத்தவில்லை. இரண்டு நாளில் பரபரப்பு அடங்கிவிடும் என்று நினைத்தார்.

அடங்கவில்லை. மேனேஜர் களத்தில் இறங்கிவிட்டார். சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்பு டப்பாக்கள் போயின. லிஃப்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு மறித்தார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் குடோனை எல்லோரும் சுற்றி வர வேண்டும். முன்னால் மேனேஜர், பின்னால் டெலிபோன் அக்கா, அதன்பின் பேக்கிங் ஆட்கள் என்று எறும்பு ஊர்வதுபோல் ஓர் ஊர்வலம். சிகரெட் பிடிக்கிறவர்கள் பாக்கெட்டை மேனேஜர் மேஜையில் சரணடைய வைத்தார்கள். மாசக் கடைசியில் முதலாளி ஏற்பாடு செய்த டாக்டர் வருவாராம். அதற்குள் ஆபீஸையே பச்சையாக்கிக் காட்டுவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இதில் குமாஸ்தாவுக்கு ஓர் எதிர்பாராத லாபம். ஆளாளுக்குக் கைவிட்ட சிப்ஸ், வறுத்த முந்திரி, உப்பு பிஸ்கெட் எல்லாம் போக்கிடம் இல்லாமல் அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தன. "உங்களுக்குத்தான் பயமே இல்லையே பில் சார், வீணாப் போகுது" என்று டெலிபோன் அக்கா ஏக்கத்தோடு நீட்டுவாள். மிஷின் பொய் சொல்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் தான்தானே என்று அவரும் வாங்கிக்கொள்வார். குற்ற உணர்ச்சி தொண்டையை அடைக்கும். அதை உள்ளே தள்ள இன்னொரு கை முந்திரி போட்டுக்கொள்வார்.

இத்தோடு போயிருந்தால் அவர் பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்திருப்பார். ஆனால் முதலாளி போட்ட இன்னொரு விதி இருந்தது. சிவப்பு வந்தவர்கள் ஏணி ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. டிரைவரிடமிருந்து வேன் சாவியை வாங்கிவிட்டு, ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து வாஷர் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்த டிரைவர், குமாஸ்தாவின் மனைவியோடு கூடப்பிறந்த அண்ணன்.

ஸ்டோரில் போய் எட்டிப் பார்த்தார். பெரியது, சின்னது, ரப்பர், பித்தளை என்று கிண்ணங்களுக்கு நடுவே மச்சான் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டோர்கீப்பர். அவர் ஒரு தனிப்பிறவி. இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் பூட்டு. கேட்டதை எடுத்துக் கொடுப்பார். கேட்காததைக் காலில் விழுந்தாலும் கொடுக்க மாட்டார். பேச்சும் அப்படித்தான்.

"மாப்பிள்ளை, ரோட்டுல ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தாக்கூட அது எழுந்திரிக்கிற வரைக்கும் நின்னு போனவன் நான்," என்றார் டிரைவர். "என்னைப் போயி வாஷர் பொறுக்க வச்சுட்டாங்க."

"கொஞ்ச நாள்தான் மச்சான்."

"ஸ்டியரிங் பிடிச்ச கையி. ராத்திரி தூக்கத்துல தலகாணியைத் திருப்பிக்கிட்டுக் கிடக்கேன்னு எம் பொண்டாட்டி சிரிக்கிறா."

குமாஸ்தாவால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும் வரும் என்று யாரோ சொல்ல, சமையலறையில் உப்பு ஜாடி மேல் பரணுக்குப் போய்விட்டது. குழம்பு வெந்நீராக வந்தது. சாப்பிடும்போது மனைவி எதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான், ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டே ஒருநாள் போயிட்டாரு. எனக்குன்னு இருக்கிறது எங்கண்ணன் ஒருத்தர்தான்."

"அப்ப நான்?"

"நீங்க எங்க போயிடப் போறீங்க?"

அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்வதா குறையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் வெந்நீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் கைக்குட்டையால் துடைத்ததை எப்படிச் சொல்வது? ஆபீஸ் முழுக்க உப்பில்லாமல் சாப்பிட்டு, குடோனைச் சுற்றி, சிகரெட்டை விட்டு, தவித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் "அது நான் போட்ட கூத்து" என்று சொன்னால் முதலில் மேனேஜர் அடிப்பார், அப்புறம் சிகரெட்டை விட்டவர்கள் அடிப்பார்கள். மிஷினை அமைதியாக ஓய்வுபெற வைப்பதே நல்லது என்று முடிவு செய்தார்.

ஒருநாள் காலை யாரும் வருவதற்கு முன் அதன் அடியில் இருந்த பேட்டரிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வரிசை நின்றது, மிஷின் விழிக்கவில்லை. குமாஸ்தா நிம்மதியாக சீட்டுக்குப் போய் ஒரு பில்கூடப் போட்டிருக்க மாட்டார். மேனேஜர் கேட்டார், ஸ்டோர்கீப்பர் புது பேட்டரி எடுத்துக் கொடுத்தார், மிஷின் விழித்துக்கொண்டது.

அடுத்ததாக, இடது கையால் கோணல்மாணலாக 'பழுது – தொடாதீர்கள்' என்று எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார். அது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக முடிந்தது. மேனேஜர் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். உண்மையைச் சந்திக்கப் பயப்படுகிற ஒரு கோழை நம் நடுவே இருக்கிறான் என்றார். குமாஸ்தாவைத் தவிர எல்லோரையும் ஒவ்வொருவராக முறைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் மிஷினுக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது, பெட்டிக்குப் பூட்டு வந்தது.

"சாவி பில் சார்கிட்ட இருக்கட்டும். முதல் நாள் சிவப்பு வந்தும் சிரிச்சவர் அவர் ஒருத்தர்தான். இன்னையிலேர்ந்து அவர்தான் ஆரோக்கியப் பொறுப்பாளர்."

கைதட்டினார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள்.

பொறுப்பாளர் தினமும் காலையில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றி, எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்ததைக் கணீர்க் குரலில் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். மச்சான் கையில் சுற்றும்போது அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மச்சான் கண்ணை மூடிக்கொள்வார். எண்ணைக் கேட்டதும் ஸ்டோருக்கு நடப்பார்.

கடைசியாகத் தன் கை. அந்த எண்ணை மட்டும் அவர் உரக்கப் படித்ததில்லை. "எனக்கு நார்மல்" என்று சொல்லி, அது கீ கீ என்று கத்துவதற்குள் பட்டையைக் கழற்றிவிடுவார். மிஷின் சொல்வதே பொய். பொய்யை மாற்றிச் சொன்னால் அது மெய்தானே என்று ஒரு கணக்கு.

ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடை கண்ணில் பட்டது. அங்கேயும் கவுண்டர்மேல் ஒரு மிஷின் இருந்தது. இதில் கையைக் கொடுத்து ஒரு சரியான எண்ணை வாங்கிவிட்டால் ஆபீஸ் மிஷின் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. உள்ளே போனார். கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். தலைவலி மாத்திரை என்றார். இரண்டு நாளாகப் பிடரியில் ஒரு கனம். மனசாட்சி இருக்கிற இடம் பிடரிதான் என்பதை அவர் இப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்.

"பிரஷர் பாக்கணுமா சார்? ரெண்டு நிமிஷம்தான்."

"கூட்டமா இருக்கே. அப்புறம் வரேன்."

கடையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்த வாரத்தில்தான் அதிசயம் நடந்தது. மேனேஜரின் எண் மஞ்சளுக்கு இறங்கியது. டெலிபோன் அக்காவுக்கு ஒருநாள் பச்சையே வந்துவிட்டது. அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பேக்கிங் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மச்சானுடைய எண்ணும் படிப்படியாக, சறுக்குமரத்தில் வருகிற குழந்தைபோல, இறங்கிக்கொண்டே வந்தது.

மிஷின் தானாகவே தேறிவருகிறது என்று குமாஸ்தா மகிழ்ந்தார். அடிபட்ட உடம்பு ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் இல்லையா, அந்த மாதிரி. கண்ணாடிப் பெட்டியின் இதமான சூடுகூட உதவியிருக்கலாம்.

ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் எண் இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. அவருக்கு. ஊருக்கெல்லாம் உண்மை பேசத் தொடங்கிய மிஷின் அவரிடம் மட்டும் வன்மம் பாராட்டியது. தன்னைக் கீழே போட்டவனை அதற்குத் தெரிந்திருக்கிறது என்று தீர்மானித்தார். ஒருநாள் யாரும் பார்க்காதபோது அதனிடம் மெதுவாக மன்னிப்புக்கூடக் கேட்டார். அடுத்த நாள் இன்னும் ஐந்து கூடியது.

இதற்கு நடுவே மலைப்பக்கத்திலிருந்து அவசர ஆர்டர் ஒன்று வந்தது. பெரிய பம்புகள், வளைவும் நெளிவுமான ரோடு. மச்சானுக்கு அதற்குள் நாலு நாளாகப் பச்சை. டாக்டர் வர இன்னும் நாளிருந்தது. மேனேஜர் யோசிக்கவே இல்லை, வேன் சாவியை எடுத்து மச்சான் கையில் கொடுத்துவிட்டார். விடிந்ததும் கிளம்ப வேண்டும், வழியனுப்ப எல்லோரும் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு.

அன்று மாலை வீட்டில் உப்பு ஜாடி பரணிலிருந்து இறங்கியது. மனைவி அண்ணனுக்கு வழிக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டே பாடினாள். அவள் பாடி ரொம்ப நாளாகியிருந்தது.

"எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? இப்ப மிஷினே சொல்லிடுச்சு, எங்கண்ணனுக்கு ஒண்ணுமில்லைன்னு."

குமாஸ்தாவின் கை தட்டிலேயே நின்றது.

மிஷினே சொல்லிவிட்டது. எந்த மிஷின்? தலைகுப்புற விழுந்து புத்தி கலங்கிய மிஷின். அன்றைக்கு அது இல்லாத நோயை இருக்கிறது என்றது. இன்றைக்கு இருக்கிற நோயை இல்லை என்று சொல்லாது என்று யார் கண்டது? என்னிடம் தினமும் பொய் சொல்கிறதே, அதே வாய்தானே? மச்சானுக்கு உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரை மலை ரோட்டில் ஏற்றி அனுப்புகிறோம்.

"என்னங்க, உப்பு கரிக்குதா?"

"இல்ல," என்றார். "சரியாத்தான் இருக்கு."

ராத்திரி முழுக்கப் புரண்டார். கண்ணை மூடினால் வேன் ஒரு வளைவில் திரும்பியது. கண்ணைத் திறந்தால் மனைவி பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினாள். விடியும் முன்பே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மச்சானுக்குப் போன் அடித்தார். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் போனை எடுக்காத மனிதர். அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவர் குமாஸ்தாதான். பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கி ஓடினார்.

அவர் ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தொப்பை ஒரு பக்கம் ஓடியது, அவர் ஒரு பக்கம் ஓடினார். பிடரியில் மனசாட்சி சம்மட்டியால் அடித்தது. தெருக்கோடியில் திரும்பும்போது கம்பெனி கேட் திறப்பதும் வேனின் மூக்கு வெளியே நீளுவதும் தெரிந்தது.

நேராகப் போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

வேன் நின்றது. மச்சான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மாப்பிள்ளை, ஆட்டுக்குட்டிக்கே நிக்கிறவன். உங்களுக்கு நிக்க மாட்டேனா? ஓரமா வாங்க, என்ன விஷயம்?"

"வண்டியை எடுக்காதீங்க மச்சான். இறங்குங்க."

வழியனுப்ப வாசலில் நின்ற மேனேஜர் ஓடி வந்தார். டெலிபோன் அக்கா வந்தாள். பேக்கிங் ஆட்கள் வந்தார்கள். குடோன் வாசலில் சாவிக்கொத்தோடு ஸ்டோர்கீப்பர் வந்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, வேனின் மூக்கைப் பிடித்தபடி, குமாஸ்தா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒத்திகை பார்த்தது, போன் வந்தது, எழுந்து நின்றது, மிஷின் விழுந்தது, கைக்குட்டையால் துடைத்தது, பேட்டரியைக் கழற்றியது, காகிதம் ஒட்டியது. அந்தக் கோழை தான்தான் என்பதையும் சொன்னார்.

சிகரெட்டை விட்ட பேக்கிங் ஆள் ஒருவர் மெதுவாகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

"அப்போ நான் உப்பில்லாம சாப்பிட்டது?" என்றார் மேனேஜர்.

"தப்பான நம்பருக்கு சார்."

"நாங்க குடோனைச் சுத்திச் சுத்தி நடந்தது?"

"அதுவும்தான். என்னை என்ன வேணா பண்ணுங்க, வேலையை விட்டுக்கூடத் தூக்குங்க. மச்சானை மட்டும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டாம அனுப்பாதீங்க. அந்த மிஷினை நம்பாதீங்க சார்." மூச்சு போதவில்லை, நிறுத்திப் பிடித்துக்கொண்டார். "நம்பிக்கை இல்லைன்னா என்னையே பாருங்க. எனக்கு நார்மல் நார்மல்னு தினமும் பொய் சொன்னேன். அது எனக்கு என்ன காட்டுது தெரியுமா? நூத்தித் தொண்ணூறுக்கு மேல. அவ்வளவு இருக்கிறவன் அங்கேர்ந்து இங்க வரைக்கும் ஓடி வர முடியுமா? நீங்களே சொல்லுங்க."

மச்சான் வேனை அணைத்துவிட்டு இறங்கினார். திட்டப் போகிறார் என்று குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் திட்டவில்லை. அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, "பிரேக் போட்டது நான், இவருக்கு வேர்க்கிறதைப் பாருங்க" என்றார். குரலில் கேலிதான். பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது.

மேனேஜர் இடுப்பில் கைவைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். கண் ஸ்டோர்கீப்பர்மேல் போய் நின்றது. "ஆபீஸைத் திறக்கிறது நீங்கதானே? இவர் சொல்றது நிஜமா? மிஷின் விழுந்துச்சா?"

அந்த ஆபீஸில் அந்த மனிதரிடம் மிஷினைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதால் அவர் பதில் சொன்னார்.

"விழுந்தது நிஜம் சார். மறுநாள் காலையில வந்து பாத்தேன், ஆட்டினா உள்ள என்னமோ உருளுது, உசிரே இல்ல. மிஷின் வித்த கம்பெனிக்காரன்கிட்ட அனுப்பிட்டு, ஸ்டோர்ல ஸ்பேரா இருந்த புதுசை எடுத்து வச்சேன். ஸ்பேர் இல்லாம நாம எதைத்தான் வாங்கியிருக்கோம்? நீங்க எல்லாரும் கை குடுத்தது புதுசுலதான். முதல் நாள்லேர்ந்து."

"இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

டெலிபோன் அக்கா தன் இடது கையை வலது கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் முகத்தில் சந்தோஷமும் கோபமும் யார் முதலில் என்று தள்ளுமுள்ளு செய்தன. எறும்பு ஊர்வலம் வீண் போகவில்லை. சிகரெட்டை விட்டதும் வீண் போகவில்லை. மச்சான் சுகமாகத்தான் இருக்கிறார், மலை ஏறலாம். குமாஸ்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியிடம் சொல்ல போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தபிறகுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது.

"அப்போ," என்று ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார், "எனக்குக் காட்டினது?"

ஸ்டோர்கீப்பர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது உங்க நம்பர்தான் சார், மெதுவா அப்படியே உக்காருங்க."